கல்லூரி வீரர்களுக்கு எப்படிப் பணம் கொடுப்பது? சூதாட்டத்தையும் சேர்த்து ஒரு கணக்கு

2026 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் ஒரு குற்றப்பத்திரிகையை வெளியிட்டார்கள். 26 பேர் மீது வழக்கு. 17-க்கும் மேற்பட்ட கல்லூரிக் கூடைப்பந்து அணிகளைச் சேர்ந்த 39-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே மோசமாக ஆடினார்கள், அல்லது அப்படி ஆட ஒப்புக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. ஓர் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் 10,000 முதல் 30,000 டாலர் வரை கொடுக்கப்பட்டதாம். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. அதை மறக்கக் கூடாது. ஆனால் அந்தப் பத்திரிகையில் இருக்கும் ஒரு விவரத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை. இந்தக் கும்பல் எல்லா ஆட்டக்காரர்களையும் அணுகவில்லை. நேர்வழியில் கிடைக்கும் விளம்பரப் பணத்தைவிட லஞ்சப் பணம் யாருக்குப் பெரிதாகத் தெரியுமோ, அவர்களைத்தான் தேடிப் பிடித்தார்களாம்.

கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் எப்படி என்ற விவாதம் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அது எப்போதும் நியாயம் பற்றிய பேச்சுதான். உழைக்கிறவனுக்குக் கூலி வேண்டாமா என்று ஒரு தரப்பு, படிக்க வந்த பிள்ளைக்குச் சம்பளம் எதற்கு என்று இன்னொரு தரப்பு. சூதாட்டம் பற்றிய பேச்சு அதோடு சேராமல் வேறொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்து வைத்துப் பேசினால் தவறான இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம் என்று நினைக்கிறேன். எந்தச் சம்பள முறையை எடுத்துக்கொண்டாலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அது வீரருக்கு நியாயமா? அந்த முறையில் அவரை விலைக்கு வாங்குவது சுலபமா, கஷ்டமா?

நம் ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் விளையாட்டு விழாவும் பல்கலைக்கழக அளவிலான போட்டிகளும்தான் நினைவுக்கு வரும். அங்கே அளவே வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். மார்ச் மாதம் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை 8 ஆண்டுகளுக்கு நீட்டிக்க, சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் 2016-இல் ஒப்புக்கொண்ட தொகை 880 கோடி டாலர். 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளரைப் பாதியில் நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். களத்தில் அடிபட்டு ஆடிய மாணவருக்குச் சம்பளம் என்று ஒரு டாலர் கொடுக்கவும் அப்போது விதியில் இடமில்லை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி அது.

இன்று மேசையில் இருக்கும் வழிகள் நான்கு.

பழைய வழி: படிப்புச் செலவு மட்டும்

கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் ஆகியவற்றைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் எதுவும் கிடையாது. 1956 முதல் நடைமுறையில் இருந்த ஏற்பாடு இதுதான். இதைக் கேலி செய்து ஒதுக்குவது சுலபம், ஆனால் அது நியாயமாகாது. பல தனியார் பல்கலைக்கழகங்களில் இன்று நான்கு ஆண்டுச் செலவு 3 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. பிள்ளையின் படிப்புக்காக வங்கிக் கடன் வாங்கிய எந்தப் பெற்றோருக்கும் கடனில்லாத பட்டத்தின் அருமை தெரியும். கல்லூரியில் ஆடுபவர்களில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் 100-க்கு 2 பேர்கூட இல்லை. மற்ற 98 பேருக்கும் கடைசியில் கையில் நிற்பது அந்தப் பட்டம்தான்.

ஆனாலும் கையில் காசு இருக்காது. 2014-இல் கனெக்டிகட் பல்கலைக்கழக அணியைச் சாம்பியனாக்கிய ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கப் போயிருக்கிறேன் என்று நிருபர்களிடம் சொன்னார். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டக்காரர் அவர். அடுத்த சில நாட்களிலேயே சாப்பாட்டுக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அந்த அளவுக்கு வெட்கக்கேடான நிலை.

பணம் கொடுக்காமல் இருந்தால் ஆட்டம் சுத்தமாக இருக்கும் என்பது இந்த வழியை ஆதரிப்பவர்களின் பெரிய வாதம். வரலாறு அதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. அமெரிக்கப் பந்தயத்தில் ‘பாயின்ட் ஸ்ப்ரெட்’ என்று ஒரு கணக்கு உண்டு. பலமான அணி 10 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று புக்கி, அதாவது பந்தயப் பணம் வாங்குபவர், ஓர் எண் வைப்பார். அந்த வித்தியாசத்தைத் தாண்டுமா, தாண்டாதா என்பதில்தான் பந்தயம். எனவே ஆட்டக்காரர் தோற்க வேண்டிய அவசியமே இல்லை. ஜெயிக்கலாம், கோப்பையும் வாங்கலாம். 10 புள்ளிக்குப் பதில் 6 புள்ளியில் ஜெயித்தால் போதும். இரண்டு பந்தைக் கூடைக்கு வெளியே எறிந்தால் வேலை முடிந்தது. ‘நம் அணிதான் ஜெயித்துவிட்டதே, யாருக்கு என்ன நஷ்டம்’ என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழி இருக்கிறது. இளைஞர்களை இழுக்க இதைவிட வசதியான பொறி கிடையாது.

நியூயார்க்கின் சிட்டி காலேஜ் அப்போது கட்டணமே வாங்காத கல்லூரி. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் படித்த இடம். அதன் கூடைப்பந்து அணி 1950-இல் நாட்டின் இரண்டு பெரிய போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றது. அதற்குப் பிறகு யாருமே அதைச் செய்ததில்லை. அடுத்த ஆண்டே மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் விசாரணையில் அந்த அணியின் ஆட்டக்காரர்கள் கைதானார்கள். விசாரணை விரிந்தபோது 7 கல்லூரிகள், 32 ஆட்டக்காரர்கள், 1947-க்கும் 1950-க்கும் இடையே 86 ஆட்டங்கள் என்று கணக்கு நீண்டது. சம்பளமே இல்லாத காலத்தில் நடந்தது இது. 1978-79இல் பாஸ்டன் காலேஜ், 1985-இல் டுலேன் என்று அது தொடர்ந்தது. டுலேன் பல்கலைக்கழகம் தன் ஆண்கள் கூடைப்பந்து அணியையே கலைத்துவிட்டுச் சில ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் தொடங்கியது.

1994-இல் அரிசோனா ஸ்டேட்டில் நடந்ததுதான் எனக்கு அதிகம் பாடம் சொல்வதாகப் படுகிறது. அங்கே அது கும்பலில் தொடங்கவில்லை, துப்பாக்கியிலும் தொடங்கவில்லை. வளாகத்திலேயே புக்கி வேலை பார்த்த ஒரு மாணவரிடம் நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவர் பந்தயம் கட்டி, சுமார் 10,000 டாலர் கடனாளியாகிவிட்டார். அதைத் தீர்க்க அவரால் கொடுக்க முடிந்த ஒரே பொருள் ஆட்டம். கொடுத்தார், சிறைக்கும் போனார். 10,000 டாலர்!

ஆக, பழைய வழியில் ஆட்டக்காரரின் விலை மிகக் குறைவு.

விளம்பரப் பணம்

கலிஃபோர்னியா 2019-இல் ஒரு சட்டம் போட்டது. கல்லூரி வீரர் தன் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்றது. மற்ற மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான். ஆனால் நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்பில் என்.சி.ஏ.ஏ. சட்டத்துக்கு மேலானதல்ல என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ஜூலை 1 முதல் கதவு திறந்துவிட்டது. இதை அங்கே சுருக்கமாக என்.ஐ.எல். என்கிறார்கள்.

இந்த வழியில் பணத்தைக் கொடுப்பது கல்லூரி அல்ல, வெளியாட்கள். விளம்பர நிறுவனங்கள் ஒரு பக்கம்; அணியின் ரசிகர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து பணம் திரட்டிய குழுக்கள் இன்னொரு பக்கம். நட்சத்திரங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடும் பெண்களும் சமூக ஊடகப் பின்தொடர்வோரை வைத்துச் சம்பாதித்தார்கள். பழைய முறையில் அவர்களுக்கு அது கனவிலும் கிடைத்திருக்காது.

குறை என்னவென்றால், யாருக்கும் பொறுப்பு இல்லை. 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழக அணி முதல் 3 ஆட்டங்களையும் வென்ற கையோடு, அதன் குவார்ட்டர்பேக் (கால்பந்தில் தாக்குதலை நடத்தும் முக்கிய ஆட்டக்காரர்) பாதியில் அணியை விட்டுப் போனார். 1 லட்சம் டாலர் தருவதாக வாய்வார்த்தையாகச் சொன்னார்கள், வரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி முறையான உறுதி எதுவும் தரவில்லை என்றது எதிர்த்தரப்பு. எழுத்தில் எதுவும் இல்லை. 20, 21 வயதுப் பையனுக்கு வாழ்க்கையிலேயே பெரிய தொகை, அது ஒரு பேச்சை நம்பி நிற்கிறது.

சூதாட்டக் கோணத்தில் பார்த்தால் இந்த வழி அணியைக் கூறு போடுகிறது. ஒருவர் கையில் லட்சங்கள், பக்கத்தில் நிற்பவர் கையில் ஒன்றுமில்லை. லஞ்சம் கொடுக்க வருபவருக்கு யாரைக் கேட்கலாம் என்று தேடவே வேண்டியதில்லை.

வருவாயில் பங்கு

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்றுக்கொண்டார். அரிசோனா ஸ்டேட்டில் நீச்சல் வீரராக இருந்த கிரான்ட் ஹவுஸின் பெயரில் நடந்த வழக்கு அது. 2016 முதல் ஆடியவர்களுக்கு இழந்த வருமானத்துக்காகச் சுமார் 280 கோடி டாலர், 10 ஆண்டுகளில் கொடுக்கப்பட வேண்டும். அதைவிட முக்கியமானது அடுத்த ஏற்பாடு. கல்லூரியே தன் விளையாட்டு வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். 2025-26 கல்வியாண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். வெளியாட்கள் தரும் 600 டாலருக்கு மேற்பட்ட விளம்பர ஒப்பந்தங்களைத் தனி இணையத் தளத்தில் பதிவு செய்து, உண்மையான விளம்பரம்தானா என்று சரிபார்க்க வேண்டும்.

விளம்பரப் பண முறையைவிட இது பல படி மேல். எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது, கொடுப்பவர் யார் என்று தெரிகிறது, வராவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது.

ஆனால் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு கால்பந்துக்கும், 15 சதவீதம் அளவுக்கு ஆண்கள் கூடைப்பந்துக்கும் போவதுதான் பரவலான பிரிப்பு. பெண்கள் கூடைப்பந்துக்கும் மற்ற எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து மிச்சம். பெண்களுக்குச் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற 1972-ஆம் ஆண்டின் டைட்டில் 9 சட்டம் இதற்குப் பொருந்துமா என்று வழக்கு நடக்கிறது. 2.05 கோடி என்பது உச்சவரம்புதான், குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. கால்பந்து வருமானம் கொழிக்கும் பெரிய கல்லூரிகள் முழுத் தொகையையும் கொடுக்கும். என்.சி.ஏ.ஏ.-வின் உச்ச மட்டமான முதல் பிரிவில் இருக்கும் ஏனைய நூற்றுக்கணக்கான கல்லூரிகள் கொஞ்சம் கொடுக்கும், அல்லது கொடுக்கவே கொடுக்காது.

சூதாட்டம் நுழைவது அங்கேதான். 2025 செப்டம்பரில் என்.சி.ஏ.ஏ. வெளியிட்ட ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் ஹொசே ஸ்டேட் அணிகளின் கூடைப்பந்து வீரர்கள் மூவருக்கு இனிக் கல்லூரி ஆட்டமே கிடையாது என்று அறிவிக்கப்பட்டது. அவர்களில் இருவர் முன்பு ஒரே அறையில் தங்கியவர்கள். ஒருவர், வரப்போகும் ஓர் ஆட்டத்தில் புள்ளி போன்ற தன் எண்ணிக்கைகள் சிலவற்றை வேண்டுமென்றே குறைத்துக்கொள்வதாக மற்றவருக்குச் சொல்கிறார். இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு, எண்ணிக்கை குறையும் என்று 2,200 டாலர் கட்டுகிறார்கள். திரும்பி வந்தது 15,950 டாலர். உலகப் புகழ்பெற்ற ஆட்டம் அல்ல, கோப்பை ஆட்டமும் அல்ல. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒருவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்று கவனிப்பவர்கள் மிகக் குறைவு.

ஃபிலடெல்ஃபியா குற்றப்பத்திரிகையிலும் பெரும்பாலும் பேர்பெற்ற அணிகள் இல்லை. வருவாய்ப் பங்கு ஏற்கெனவே காசு உள்ள இடத்தில் காசைச் சேர்க்கிறது. புக்கியின் ஆட்கள் போவதோ காசு இல்லாத இடத்துக்கு. இன்றைய ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான், இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

ஊழியர், தொழிற்சங்கம், கூட்டுப் பேரம்

நான்காவது வழி, வீரரைக் கல்லூரியின் ஊழியர் என்று ஏற்றுக்கொள்வது. இதில் சம்பளம் மட்டும் பேச்சல்ல. 1955-இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காகக் கால்பந்து ஆடிய ரே டென்னிசன் களத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, எனவே அவர் ஊழியர் அல்ல என்று மாநில உச்ச நீதிமன்றம் 1957-இல் மறுத்துவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது இன்னொரு குடும்பத்துக்கு நேரக் கூடாது என்பதே இந்த வழிக்கு என் முதல் ஆதரவு.

முயற்சிகள் நடந்திருக்கின்றன. நார்த்வெஸ்டர்ன் கால்பந்து வீரர்கள் 2014-இல் சங்கம் கேட்டார்கள். வட்டார அதிகாரி சரி என்றார், 2015-இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் இதில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று வாக்களித்துச் சங்கத்தில் சேர்ந்தார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வரவில்லை, ஆண்டு முடிவில் மனு திரும்பப் பெறப்பட்டது. கல்லூரி வீரர்கள் தொடர்ந்த ஜான்சன் வழக்கில் மூன்றாம் வட்டார மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில், கல்லூரி வீரர்கள் ஊழியர்களாக இருக்கக்கூடும் என்ற வாசலைத் திறந்து வைத்தது. அவ்வளவுதான், இன்னும் உள்ளே யாரும் போகவில்லை.

இடைஞ்சல்களும் நிஜமானவை. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மத்தியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பொருந்தாது, மாநிலச் சட்டம்தான். அது ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு மாதிரி. சம்பளச் செலவைக் காரணம் காட்டி நீச்சல், மல்யுத்தம், டென்னிஸ் போன்ற அணிகளைக் கலைத்துவிடுவார்கள் என்ற பயம் வெறும் பயமல்ல. மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எஃப்-1 விசாவில் வேலை செய்யக் கட்டுப்பாடுகள் இருப்பதால், நேற்றுவரை மாணவராக ஆடியவர் ஊழியர் என்று ஆனதும் விசாவே கேள்விக்குறியாகலாம். டென்னிஸ், ஸ்குவாஷ் உதவித்தொகையை நம்பிப் பிள்ளைகளை இங்கிருந்து அனுப்பும் குடும்பங்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

சரி, சம்பளம் வந்தால் சூதாட்டம் ஒழியுமா? ஒழியாது. என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் டொரன்டோ ராப்டர்ஸ் அணிக்கு ஆடிய ஜான்டே போர்ட்டருக்கு 4 லட்சம் டாலர் அளவில் சம்பளம். பந்தயக் கடனில் மாட்டிக்கொண்ட அவர், கடன் கொடுத்தவர்கள் சொன்னபடி 2024-இல் இரண்டு ஆட்டங்களில் சீக்கிரமே களத்தை விட்டு வெளியேறினார். என்.பி.ஏ. அவரை ஆயுள் முழுக்கத் தடை செய்தது, அவர் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். 2025 நவம்பரில் கிளீவ்லண்ட் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர்கள் இருவர் மீது, எந்தப் பந்தை எப்படி வீசப் போகிறோம் என்று பந்தயக்காரர்களுக்குச் சொன்னதாக வழக்கு வந்தது. ஒருவரின் ஒப்பந்தம் 5 ஆண்டுக்கு 2 கோடி டாலர். இருவரும் குற்றத்தை மறுத்தார்கள்.

பிறகு ஏன் இந்த வழியை உயர்வாகச் சொல்கிறேன்? சங்கம் இருந்தால் கீழ்மட்டச் சம்பளம் என்று ஒன்று பேசி முடிவாகும். பெரிய தொழில்முறை லீக்குகளில் அது உண்டு, ஹவுஸ் சமரசத்தில் இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது: வீரர் நம்பிப் பேச ஓர் ஆள் கிடைப்பார். இப்போது கடனில் மாட்டிக்கொண்ட 19 வயதுப் பையன் யாரிடம் போவான்? பயிற்சியாளரிடம் சொன்னால் இடம் போய்விடும், கல்லூரி விதி அலுவலகத்துக்குப் போனால் விசாரணை தொடங்கிவிடும். அரிசோனா ஸ்டேட் ஆட்டக்காரர் சிக்கியது 10,000 டாலரில் அல்ல, அதை வெளியே சொல்ல முடியாத நிலையில்.

பந்தயத்தின் பக்கம் என்ன செய்வது

சம்பளத்தை மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான். 1992-இன் மத்தியச் சட்டம் விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலும் நெவாடாவோடு நிறுத்தி வைத்திருந்தது. 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. இன்று முக்கால்வாசிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பந்தயம் சட்டபூர்வம், அதில் பெரும்பகுதி கைபேசியில். கல்லூரிகளும் கைநீட்டின. கொலராடோ பல்கலைக்கழகம் 2020-இல் பாயின்ட்ஸ்பெட் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில், கல்லூரியின் சலுகைக் குறியீட்டைப் பயன்படுத்திச் சேரும் ஒவ்வொரு புதிய வாடிக்கையாளருக்கும் 30 டாலர் கல்லூரிக்கு என்று ஒரு ஷரத்து இருந்தது. மாணவர்கள் நிறைந்த வளாகத்தின் பெயரில் பந்தயக் கணக்குக்கு ஆள் பிடித்த காசு! பலத்த கண்டனத்துக்குப் பிறகு 2023-இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது.

பந்தயத்தைக் கட்டுப்படுத்தவும் பல யோசனைகள் இருக்கின்றன. கல்லூரி ஆட்டங்கள் மீதான பந்தயத்தை முழுக்கத் தடை செய்வது ஒன்று. அதை நான் நம்பவில்லை. சட்டத்துக்கு வெளியே இருந்த காலத்தில்தான் 1951-உம் 1994-உம் நடந்தன. வெளிப்படையான சந்தையில் சந்தேகமான பந்தயம் கண்ணில் படவாவது செய்கிறது. அலபாமா பேஸ்பால் பயிற்சியாளர் 2023-இல் மாட்டியது அவர் தந்த உள்தகவலை வைத்து இன்னொருவர் சின்சினாட்டி மைதானத்திலேயே இருந்த பந்தயக் கவுன்ட்டரில் கட்டிய பணம் கண்ணில் பட்டதால்தான்.

வீரர்களே எதிலும் பந்தயம் கட்டக் கூடாது என்ற தடை இன்னொன்று. என்.சி.ஏ.ஏ. இதில் தடுமாறியது. தொழில்முறை ஆட்டங்களில் வீரர்கள் பந்தயம் கட்டலாம் என்று 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. அடுத்த மாதமே முதல் பிரிவு உறுப்புக் கல்லூரிகளில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்த்து வாக்களிக்க, அது ரத்தானது. 2023-இல் அதே அமைப்பு எடுத்த கணக்கெடுப்பில் 18 முதல் 22 வயதுள்ளவர்களில் 58 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விளையாட்டுப் பந்தயத்தில் ஈடுபட்டதாகச் சொல்லியிருந்தார்கள். தடை இருக்கட்டும். ஆனால் தன் ஆட்டத்தைத் தொடாத பந்தயத்தில் காசு இழந்தவர் தானே வந்து சொன்னால், தண்டனைக்குப் பதில் உதவி கிடைக்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது தனிநபர் பந்தயத் தடை. ஓர் ஆட்டக்காரர் 12 புள்ளிக்கு மேல் எடுப்பாரா, 5 ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) கீழே நிற்பாரா என்பது போன்ற பந்தயங்கள். முழு அணியின் முடிவை மாற்றப் பெரும்பாலும் ஒருவருக்கு மேல் உடன்பட வேண்டியிருக்கும், தன் எண்ணிக்கையைக் குறைக்க ஒரே ஒருவர் போதும். 2013 ஐ.பி.எல். விவகாரம் நினைவிருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் பேச்சு முழு ஆட்டத்தைப் பற்றியதல்ல, ஓர் ஓவரில் எத்தனை ரன் என்பதுதான்.

விலைபோகாத ஆட்டக்காரரையும் இந்தப் பந்தயம் விடுவதில்லை. 2024 மார்ச்சில் நார்த் கரோலினா அணி மிச்சிகன் ஸ்டேட்டை வென்றது. அன்று நன்றாகத்தான் ஆடினேன் என்று நினைத்துக் கைபேசியைத் திறந்த அர்மாண்டோ பேக்காட்டுக்கு 100-க்கும் மேற்பட்ட வசவுச் செய்திகள் வந்திருந்தன. போதுமான ரீபவுண்டு எடுக்கவில்லையாம்! பிரபலமான கல்லூரி வீரர்களில் மூவரில் ஒருவருக்கு இப்படிப் பந்தயக்காரர்களிடமிருந்து வசவு வருகிறது என்கிறார் என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர். இதைப் படிக்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. ஜெயித்த அன்று ஒரு கல்லூரி மாணவன் திட்டு வாங்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இந்தத் தடைக்கு நாடாளுமன்றம் தேவையில்லை. ஒஹாயோவில் பேக்கர் கோரிக்கை வைத்தார். 2024 பிப்ரவரி 23 அன்று மாநில ஆணையம் கல்லூரி வீரர்கள் மீதான தனிநபர் பந்தயத்தைத் தடை செய்தது, மார்ச் 1 முதல் அமலுக்கும் வந்துவிட்டது. மேரிலாண்ட், வெர்மான்ட், லூசியானா ஆகியவையும் அதே ஆண்டில் சேர்ந்தன. ஒரு ஓட்டை மட்டும் உண்டு: ஒரு நிகழ்வின் முடிவின் மீது ஒப்பந்தங்களை வாங்கி விற்க வைக்கும் ‘கணிப்புச் சந்தை’ நிறுவனங்கள் மத்திய வர்த்தக விதிகளின் கீழ் வருகின்றன, 18 வயதுக்காரர்களையும் சேர்த்துக்கொள்கின்றன, மாநிலத் தடை தங்களைக் கட்டுப்படுத்தாது என்கின்றன. இதை மத்திய அரசுதான் அடைக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பழைய வழிக்குத் திரும்புவது நடக்காது, நடக்கவும் கூடாது. விளம்பரப் பணம் இருக்கலாம், அதை யாரிடமிருந்தும் பறிக்க வேண்டாம். ஆனால் அதையே ஒரு சம்பள முறை என்று நம்ப முடியாது. போட்டி மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும்தான். வருவாய்ப் பங்கு கையில் இருக்கிறது, கூட்டுப் பேரம் கைக்கு எட்டவில்லை. நிர்வாகிகள் மூன்றாவதையே நிரந்தரமாக்கி, வீரர்கள் ஊழியர்கள் அல்ல என்று சட்டத்திலேயே எழுதிவிடப் பார்க்கிறார்கள். நாடாளுமன்றத்தில் 2025-இல் வந்த ஸ்கோர் மசோதாவின் நோக்கம் அதுதான். அது நிறைவேறினால் சின்னக் கல்லூரி ஆட்டக்காரருக்குக் கீழ்மட்டச் சம்பளம் கேட்கும் வழி அடைபட்டுவிடும் என்பதால் நான் எதிர்க்கிறேன்.

என் தேர்வு நான்காவது. உடனே எல்லோரையும் ஊழியராக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வருமானம் ஈட்டும் கால்பந்து, கூடைப்பந்து அணிகளில் தொடங்கி, விசாவில் வந்தவர்களுக்குத் தனி விதி எழுதி, படிப்படியாகப் போகலாம். அதுவரை வருவாய்ப் பங்கில் ஒரே ஒரு திருத்தம் வேண்டும்: உச்சவரம்பு இருப்பது போல முதல் பிரிவு அணி ஒவ்வொன்றிலும் கீழ்வரம்பும் இருக்க வேண்டும். தனிநபர் பந்தயத் தடையை அதற்குக் காத்திருக்காமல் மாநிலங்கள் இந்த ஆண்டே கொண்டுவரலாம்.

கீழ்வரம்புக்குச் சின்னக் கல்லூரியிடம் பணம் ஏது என்று கேட்பார்கள். மார்ச் போட்டியில் ஓர் அணி ஆடும் ஆட்டங்களை வைத்து ‘யூனிட்’ என்று கணக்கிட்டு, அந்த அணி சேர்ந்த கூட்டமைப்புக்கு என்.சி.ஏ.ஏ. பணம் தருகிறது. ஒரு யூனிட்டுக்கு 6 ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி, நிறைய அணிகளை அனுப்பும் பெரிய கூட்டமைப்புகளுக்கே போகிறது. அந்தத் தொகையில் ஒரு பங்கை எடுத்து, வருவாய்ப் பங்கு கொடுக்க வழியில்லாத கல்லூரிகளின் ஆட்டக்காரர்களுக்கென்று ஒதுக்க என்.சி.ஏ.ஏ. தன் விதியை மாற்றினால் போதும். பெரிய கூட்டமைப்புகள் எதிர்க்கும். அவர்களின் அணிகளும் அந்தச் சின்ன அணிகளோடுதான் ஆடுகின்றன, அதே பந்தயப் பலகையில்தான் அவர்கள் பெயரும் இருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது பேக்கரின் பொறுப்பு.